சமயம் சாராத் திருமணத்திற் சடங்குக்கு இடமுண்டா?

புரோகிதரையும் முகூர்த்தத்தையும் சீதனத்தையும் ஒருங்கே விலக்கி, மனமொத்த இருவர் விவாகப் பதிவாளர் முன்னிலையில் மணஞ் செய்துகொள்வது நமது சமுதாயத்தில் இன்னும் பெருவழக்காகிவிடவில்லை. ஆயினும் அவ்வாறு செய்துகொள்வோர் ஊருக்குச் சிலராவது இன்று இருக்கின்றனர். வீட்டாரின் எதிர்ப்பு, உறவினரின் ஏளனம், சாதிமான்களின் சீற்றம் ஆகியவற்றைத் தாண்டி வந்த பின்னர், அவர்கள் தாம் எதிர்பாராத ஒரு கேள்வியைச் சந்திக்கின்றனர். பதிவுப் புத்தகத்திற் கையொப்பமிடப் பத்து நிமிடம் போதும். அதன் பின்னர் கூடியிருப்போர் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கின்றனர். 'இவ்வளவுதானோ?' என்று யாரோ ஒரு மூதாட்டி கேட்கிறாள். அந்த வினாவில் ஏளனம் இல்லை, ஏமாற்றம் இருக்கிறது.

இந்த ஏமாற்றத்துக்கு நாம் என்ன விடை கூறுவது? இவ்விடயத்தில் நம்மவரிடையே இரு கட்சிகள் உள்ளன. சடங்கு எவ்வடிவில் வந்தாலும் அது பழமையின் எச்சமே. கையொப்பம் ஒன்றே போதும். அதற்கு மேற்பட்டதெல்லாம் பின்வாங்கல் என்பது ஒரு கட்சி. சடங்கு பண்பாட்டின் அழகு. அதிற் சமயத்தை மட்டும் கழித்துவிட்டு எஞ்சியதை வைத்துக்கொண்டால் என்ன குறை என்பது மற்றக் கட்சி. நாம் நெடுங்காலம் முதற் கட்சியையே சார்ந்திருந்தோம். அண்மையில் வன்னியில் நமக்கு நெருங்கியவர் இருவரின் திருமணம் நம்மை மறுபடியும் சிந்திக்க வைத்தது. அதனாலேயே இதனை எழுதுகிறோம்.

மணமக்கள் இருவரும் ஆசிரியர்கள். பதிவு மட்டுமே என்பது அவர்களின் முடிவு. மணமகளின் தந்தை 2009ஆம் ஆண்டு மே மாதத்தில், போரின் இறுதி நாள்களிற் காணாமற்போனவர். அன்று தொடக்கம் தாய் அவரைத் தேடிக்கொண்டேயிருக்கிறார். நெற்றிப் பொட்டை அவர் அழிக்கவில்லை. ஊரின் கணக்கில் அவர் சுமங்கலியா கைம்பெண்ணா என்பது தீராத வழக்கு. உறவினர் வீட்டு மங்கல நிகழ்ச்சிகளில் ஆரத்தித் தட்டு எடுக்க அவரை எவரும் அழைப்பதில்லை. அழைக்காமைக்குக் காரணமும் எவரும் சொல்வதில்லை. அவரோ தாமாகவே சமையற்கட்டிற் போய் நின்றுகொள்வார். மகள் சிறுமியாக இருந்த காலம் முதல் இதனைப் பார்த்து வளர்ந்தவள். 'என் திருமணத்தில் அம்மா முன்னுக்கு நிற்க வேண்டும். வெறுமனே நிற்கவும் கூடாது, ஏதாவது செய்ய வேண்டும்' என்று அவள் விரும்பினாள். குத்துவிளக்கைத் தாய் ஏற்ற, அதன் பின்னர் கையொப்பமிடலாம் என்பது அவளின் யோசனை.

மணமகனின் நண்பரொருவர் இதனைக் கடுமையாக ஆட்சேபித்தார். நேர்மையானவர், தொழிற்சங்கத்தில் உழைத்தவர். 'இன்று விளக்கு, நாளை தாலி, மறுநாள் ஓமம். ஒரு வாசலைத் திறந்தால் எல்லாம் உள்ளே வரும்' என்றார். பாடசாலை விழாவிலும் சங்கக் கூட்டத்திலும் அவரே விளக்கேற்றியிருக்கிறார் என்பதை மணமகள் நினைவூட்டினாள். 'அது சம்பிரதாயம், இது வாழ்க்கை' என்பது அவரின் மறுமொழி. நாம் அன்று அவர் பக்கமே பேசினோம். இந்த விவாதம் எவ்வாறு முடிந்தது என்பதைப் பின்னர் கூறுவோம். அதற்கு முன், சடங்கு என்பது யாது, அதனை எந்த அளவுகோலால் அளப்பது என்பதைச் சற்று ஆராய்தல் வேண்டும்.

சடங்கைப் பற்றிய மிகப் பழைய விளக்கமொன்று நம் மொழியிலேயே உண்டு. காதல் வாழ்விற் பொய்யும் தவறும் தலைகாட்டிய பின்னரே பெரியோர் கரணத்தை வகுத்தனர் என்கிறது தொல்காப்பியம். அதாவது, சடங்கு வானத்திலிருந்து இறங்கியதன்று. இருவருக்கிடையே சொன்ன சொல் போதாதபோது, ஊரைச் சாட்சியாக்குவதற்கு மனிதர் செய்த ஏற்பாடு. கொடுப்பதற்குரியோர் இல்லாமல் இருவர் உடன்போகிய இடத்தும் கரணம் உண்டு என்று அந்நூல் ஒப்புக்கொள்வதும் கவனிக்கத்தக்கது.

இந்தக் கரணம் என்றும் ஒரே வடிவில் இருந்ததுமில்லை. அகநானூற்றின் 86ஆம் பாடலில் ஒரு திருமணம் விரிவாகக் காட்டப்படுகிறது. பந்தல் உண்டு; புதுமணல் உண்டு; விளக்கும் மாலையும் உளுந்திட்டுச் சமைத்த உணவும் உண்டு. பூவும் நெல்லும் கலந்த நீரால் மணமகளை நீராட்டி வாழ்த்துகின்றனர். அங்கே புரோகிதரும் இல்லை, தீவலமும் இல்லை, தாலியைப் பற்றிய பேச்சும் இல்லை. பிற்பட்ட சிலப்பதிகாரத்திலோ முதிய பார்ப்பனர் மறைவழி காட்டக் கோவலனும் கண்ணகியும் தீயை வலம் வருகின்றனர். ஆகவே, ஆதியிலிருந்து வந்தது என்று இன்று வாதிடப்படும் பலவும் இடையில் வந்தவையே. மாறி வந்தது இனியும் மாறும்.

இதனைக் கண்டு, 'சங்ககாலத் திருமணத்துக்கே திரும்பிவிட்டாற் போதும்' என்று கூறுவோரும் உளர். அவர்கள் அப்பாடலை மீண்டும் ஒருமுறை படித்தல் நன்று. மணமகளை நீராட்டுவோர் யார்? புதல்வரைப் பெற்ற மகளிர் நால்வர். மகப்பேறு இல்லாதவளுக்கும் கணவனை இழந்தவளுக்கும் அந்த நீர்க்குடத்தில் இடமில்லை. புரோகிதர் வருமுன்னரே விலக்கு வந்துவிட்டது. குற்றம் முழுவதையும் வேற்று மொழி மந்திரத்தின் தலையிற் சுமத்திவிட்டு நாம் கையைக் கழுவிவிட முடியாது என்பதை நம் பழம்பாடலே காட்டிவிடுகிறது.

யாழ்ப்பாணத்து மணவறையை நோக்குவோம். தாரை வார்த்துக் கன்னிகாதானஞ் செய்யும்போது தந்தை கொடுக்கிறார், மணமகன் பெறுகிறான், மகள் கொடுக்கப்படுகிறாள். நீர் வார்க்கும் அச்செய்கை கண்ணுக்கு எவ்வளவு அழகாயிருப்பினும், அது கூறும் பொருள் இதுவே. ஆரத்திக்குச் சுமங்கலிகள் இருவர் வேண்டும். ஏனையோர் விலகி நிற்க வேண்டும். முன்னாளில் மணப்பந்தலுக்கு வெள்ளை கட்ட ஒரு சாதியாரும், மணமகனுக்கு முகவேலை செய்ய ஒரு சாதியாரும் குடிமை முறையில் அழைக்கப்பட்டனர். அவர்கள் கை இல்லாமற் சடங்கு நடவாது. அவர்கள் பந்தியில் இருந்தாலோ சடங்கு கெட்டுவிடும்! இன்று குடிமை பெரும்பாலும் மறைந்துவிட்டது. ஆனால் தாலிக்கொடி எத்தனை பவுண் என்ற கேள்வி மறையவில்லை. சடங்கொன்றிற் கடவுளின் பெயர் உச்சரிக்கப்படுகிறதா என்று மட்டும் நாம் பார்த்துவந்தோம். அதில் யார் கொடுக்கிறார், யார் கொடுக்கப்படுகிறார், யார் உழைக்கிறார், யார் வெளியே நிற்கிறார் என்பதே முதலிற் கேட்க வேண்டிய கேள்வி.

சரி, சடங்கை முற்றாக ஒழித்துவிட்டால் என்ன? சட்டம் அதற்குத் தடையில்லை. நம் நாட்டின் 1907ஆம் ஆண்டு விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம், மணமக்களை நோக்கிப் பதிவாளர் கூற வேண்டிய வாசகத்தையே வகுத்திருக்கிறது. தம் முன்னிலையில் ஒருவரையொருவர் ஏற்றுக் கையொப்பமிட்டவுடன், வேறெந்தச் சமயச் சடங்கோ குடியியற் சடங்கோ இல்லாவிடினும், அவர்கள் சட்டப்படி கணவன் மனைவியராகின்றனர் என்பது அதன் கருத்து. காலனித்துவ ஆட்சியின் சட்டமாயினும் இவ்வாசகம் தெளிவானது. ஆனால் நமது வீடுகளில் நடப்பது என்ன? 'எழுத்து' என்று நாம் அதற்குப் பெயரிட்டு, பெரிய கலியாணத்துக்கு முன்னோடியான ஓர் அலுவலாக அதனை ஒதுக்கி வைத்துள்ளோம். பதிவாளர் அவ்வாசகத்தை விரைந்து படிக்கிறார். எவரும் காது கொடுப்பதில்லை. அந்த வாழ்க்கையில் மிகவும் பொறுப்பான சொல் பேசப்படும் கணத்திற் கூடத்தில் குளிர்பானம் பரிமாறப்படுகிறது.

ருஷ்யப் புரட்சியின் அனுபவமும் இங்கு நமக்குப் பயன்படும். 1917 டிசம்பரில் வெளியான ஆணை தேவாலயத் திருமணத்தின் சட்ட வலுவை நீக்கிப் பதிவுத் திருமணத்தை மட்டுமே அங்கீகரித்தது. மாபெரும் விடுதலை அது. ஆனால் சில ஆண்டுகளுள்ளேயே அங்கும் அதே ஏமாற்றம் எழுந்தது. தேவாலயம் பாட்டும் ஒளியும் தரும்போது நாம் ஒரு மேசையையும் முத்திரையையும் மட்டும் தருகிறோமே என்ற வினாவை 1923ஆம் ஆண்டில் ட்ரொட்ஸ்கி தமது கட்டுரைகளில் ஆராய்ந்தார். பின்னர் 1959ஆம் ஆண்டில் லெனின்கிராட் நகரில் முதலாவது திருமண மாளிகை திறக்கப்பட்டது. இசையும் மலரும் உரையும் அங்கே வந்தன. மணமக்கள் போரில் மாண்டோரின் நினைவிடத்துக்குச் சென்று மலர் வைக்கும் வழக்கமும் பரவிற்று. இம்மலர் நம் நெஞ்சைத் தொடுகிறது. அதே வேளையில், அடுத்த இணை வாசலிற் காத்திருக்க, ஒரே உரையும் ஒரே இசையுமாக ஓர் அரசு அலுவலகம் சடங்கைத் தயாரித்து வழங்கியதையும் மறுப்பதற்கில்லை. மனிதருக்குச் சடங்கு வேண்டியிருக்கிறது என்பது ஒரு பாடம். அதனை மேலிருந்து வகுத்துக் கொடுத்தால் அது பழைய கோவிலுக்குப் பதிலாக வந்த புதிய கந்தோராகிவிடும் என்பது மற்றொரு பாடம்.

தமிழகத்துச் சுயமரியாதைத் திருமணம் மேலிருந்து வந்ததன்று. 1928ஆம் ஆண்டில் அருப்புக்கோட்டைக்கு அருகிலுள்ள சுக்கிலநத்தத்தில் பெரியார் முன்னின்று நடத்திய திருமணம் அதன் தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது. புரோகிதர் இல்லை, மந்திரம் இல்லை, மணமக்கள் உறுதிமொழி கூறி மாலை மாற்றிக்கொள்வர், சான்றோர் வாழ்த்துரைப்பர். அக்காலத்தில் இதற்குக் கொடுத்த விலை சிறிதன்று. 1953ஆம் ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றம் இத்தகைய திருமணமொன்று செல்லாது எனத் தீர்ப்பளித்தது. வாழ்ந்து பிள்ளை பெற்ற பெண்கள் சட்டத்தின் கண்ணில் மனைவியரல்லர், பிள்ளைகள் உரிமையற்றவர் என்ற நிலை அச்சுறுத்தியது. 1967ஆம் ஆண்டில் அண்ணா முதலமைச்சராயிருந்தபோது இந்துத் திருமணச் சட்டத்துக்குத் திருத்தம் நிறைவேறி, 1968 சனவரியில் நடைமுறைக்கு வந்தது. முன்னர் நடந்த திருமணங்களுக்கும் அது செல்லுபடி வழங்கிற்று.

அத்திருத்தத்தின் வாசகத்தை ஆசிரியர்கள் மாணவருக்குக் கற்பிக்கலாம். உற்றார், நண்பர் அல்லது வேறு எவராவது முன்னிலையில், மணமக்கள் தமக்கு விளங்கும் மொழியில் ஒருவரையொருவர் கணவராக, மனைவியாக ஏற்பதாகக் கூறலாம். அல்லது மாலை மாற்றலாம், மோதிரம் அணிவிக்கலாம். அல்லது தாலி கட்டலாம். மூன்றில் எதுவாயினும் போதும். இங்கே தாலிக்குத் தடை விதிக்கப்படவில்லை. அதன் கட்டாயம் மட்டுமே பறிக்கப்பட்டது. அதனைச் செய்தது 'அல்லது' என்ற ஒரு சிறு சொல். 'உம்' என்ற இடைச்சொல் அவ்விடத்தில் நின்றிருந்தால் பழைய விலங்கு அப்படியே இருந்திருக்கும். இன்னும் ஒரு படி மேலே சென்று, இத்தகைய திருமணம் ஊரறிய நடக்க வேண்டும் என்ற நிபந்தனையும் தேவையில்லை என இந்திய உச்ச நீதிமன்றம் 2023ஆம் ஆண்டில் தீர்ப்பளித்துள்ளது. ஊரே பகையாகி நிற்கும்போது, சாதி கடந்து மணப்போருக்கு ஊரைச் சாட்சியாக அழைக்குமாறு கட்டளையிடுவது அவர்களைக் கொலைக்களத்துக்கு அனுப்புவதற்கு ஒப்பாகலாம் அன்றோ?

இவ்வளவையும் நோக்குமிடத்து, சடங்கு வேண்டுமா வேண்டாமா என்ற வினாவே பிழையாக எழுப்பப்பட்டுள்ளது என்பது புலனாகும். மாலை மாற்றுவதும் சடங்குதான். கையொப்பமிடுவதும் ஒரு வகையிற் சடங்குதான். எந்தச் சடங்கு என்பதே வினா. அதனை அளக்க நான்கு கேள்விகள் போதுமென்று கருதுகிறோம். முதலாவது, ஒருவர் மற்றவர்க்குச் செய்வதை மற்றவரும் இவர்க்குச் செய்ய முடியுமா? மாலை இச்சோதனையில் தேறும். தாரை வார்த்தல் தேறாது. இரண்டாவது, வந்திருப்போரில் எவரையாவது அது பின்னுக்குத் தள்ளுகிறதா? மூன்றாவது, அதன் பொருளைக் கூடியிருக்கும் யாவருக்கும் விளங்கும் மொழியிற் கூசாமல் எடுத்துச் சொல்ல முடியுமா? நான்காவது, அதனை விட்டுவிட்டால் திருமணம் குறைவுபட்டதென்று எவரும் கூற இடமுண்டா? இடமுண்டாயின் அது குறியீடாக நில்லாது, நிபந்தனையாகிவிடும்.

இக்கேள்விகளின்படி மணமகள் கேட்ட விளக்கு தேறுகிறதா? தேறுகிறதென்றே நாம் பின்னர் எண்ணினோம். இதுகாறும் பின்னுக்குத் தள்ளப்பட்டவரை அது முன்னுக்கு அழைக்கிறது. நண்பரின் அச்சம் இங்கே பொருந்தாது. தாயை அழைக்கும் விளக்கு, தாயை விலக்கும் ஆரத்தியின் தொடர்ச்சியன்று, அதன் மறுப்பு. இவ்வாறு நாம் ஒரு முடிவுக்கு வந்து, நண்பரையும் அரை மனத்துடன் இணங்கச் செய்து, செய்தியைத் தாயிடம் சொல்லச் சென்றோம். எல்லாரும் வாதிட்டோம், எவருக்காக வாதிட்டோமோ அவரை அதுவரை எவரும் கேட்கவில்லை.

அவர் பொறுமையாகக் கேட்டிருந்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, நீங்கள் எல்லாரும் படிச்ச பிள்ளையள். குறை நினையாதேங்கோ. இவளின்ர அப்பாவின்ர படத்துக்கு நான் இண்டைவரைக்கும் விளக்கு வைக்கேல்லை. வைச்சால் அவர் இல்லையெண்டு நானே சொன்ன மாதிரி. இப்ப சபையில விளக்குக் கொளுத்தச் சொல்லுறியள். ஊர்ச்சனம் அதை எப்பிடி எடுக்குமோ எனக்குத் தெரியாது. என்ர மனம் எப்பிடி எடுக்கும் எண்டு எனக்குத் தெரியும்."

நம்மால் ஒன்றும் பேச முடியவில்லை. சிறிது நேரஞ் சென்று அவரே, பதிவுக்குச் சாட்சி எத்தனை பேர் வேண்டும் என்று கேட்டார். இருவர் என்றோம். "அப்ப ஒண்டு நான் வைக்கிறன். எத்தினை கந்தோரில, எத்தினை கடதாசியில கையெழுத்து வைச்சிட்டன். எல்லாம் அவரைத் தேடி வைச்சது. ஒருக்கால் பிள்ளையின்ர நன்மைக்கும் வைக்கிறன்."

அவ்வாறே நடந்தது. பதிவாளரிடம் முன்னரே கூறி, அந்த வாசகம் நிறுத்தி நிதானமாகப் படிக்கப்பட்டது. கூடத்தில் பரிமாறல் நிறுத்தப்பட்டது. மணமக்கள் தத்தம் உறுதிமொழியைத் தாமே எழுதிப் படித்தனர். தாய் முதலாவது சாட்சியாகக் கையொப்பமிட்டார். அதன் பின்னர் மாலை மாற்றினர். வேறொரு கொப்பியில், வந்திருந்த ஒவ்வொருவரும், சமையலுக்கு வந்தவர்களும் சிறுவர்களும் உட்பட, தத்தம் பெயரை எழுதினர். குவேக்கர் எனப்படும் கிறித்தவப் பிரிவினரிடையே குருவின்றி நடக்கும் திருமணங்களில், வந்தோர் அனைவரும் திருமணப் பத்திரத்திற் கையொப்பமிடும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. எழுதத் தெரியாத ஒரு முதியவர் பெருவிரல் அடையாளம் இட்டார். அன்று 'இவ்வளவுதானோ?' என்று எவரும் கேட்கவில்லை.

இந்நிகழ்ச்சி நமது நான்கு கேள்விகளோடு ஐந்தாவது ஒன்றையும் சேர்க்கிறது. அச்சடங்கு எவரின் தோளில் ஏறுகிறதோ அவரைக் கேட்டோமா என்பதே அது. நாம் விளக்கை நியாயப்படுத்திய வாதம் பிழையன்று. ஆனால் குறியீட்டின் பொருளை வாதத்தால் மட்டும் நிர்ணயித்துவிடலாம் என்று நினைத்தது பிழை. குறியீட்டின் பொருள் அதனைச் சுமப்பவரின் வாழ்க்கையில் இருக்கிறது. ஒரு வீட்டில் விடுதலையாகும் விளக்கு இன்னொரு வீட்டில் மரண அறிவித்தலாகலாம். பழைய சடங்கு அத்தாயைக் கேளாமற் பின்னுக்குத் தள்ளியது. நாமோ கேளாமல் முன்னுக்குத் தள்ளப் பார்த்தோம்.

இதற்கு ஓர் ஆட்சேபம் எழலாம். சமுதாயத்தின் உற்பத்தி உறவுகள் மாறாதவரை சடங்கை மாற்றி ஆவதென்ன? காணியும் வீடும் நகையும் சீதனமாகக் கைமாறும் வரை, மேடையில் மாலை மாற்றினாலென்ன, கையொப்பமிட்டாலென்ன? இவ்வாட்சேபத்தில் உண்மை உண்டு. சீதனத்தை இரகசியமாக எண்ணி வாங்கிக்கொண்டு, மேடையிற் பகுத்தறிவு பேசிய திருமணங்களை நாம் அறிவோம். அங்கே குறியீடு பொய்க்குப் பூசிய பொன்முலாம். ஆனால் அடித்தளம் மாறும்வரை காத்திருப்போம் என்று கூறுவோர், அதுவரை பழைய சடங்கையே செய்துகொண்டிருக்கின்றனர் என்பதும் கண்கூடு. சமையற்கட்டில் நின்ற பெண் ஒருத்தி சபை நடுவில் பேனாவைப் பிடித்தமை சீதனத்தை ஒழித்துவிடாது. ஆயினும் அங்கிருந்த சிறுமியர் அதனைப் பார்த்தனர். சட்டம் மாறுவதற்கு நாற்பது ஆண்டுகள் முன்னரே சுக்கிலநத்தத்தில் மாலை மாறிவிட்டது என்பதையும் நாம் மறத்தலாகாது.

வேறோர் ஆபத்தும் உண்டு. இன்று நாம் மகிழ்ந்த இக்கொப்பி நாளை வெல்வெட் அட்டையும் பொன்னெழுத்துமாகக் கடையில் விலைக்கு வரலாம். 'கொப்பியிற் கையொப்பம் வாங்காத கலியாணமும் ஒரு கலியாணமா?' என்று ஒரு மாமியார் கேட்கும் நாளும் வரலாம். நல்ல சடங்குகளும் இறுகிக் கல்லாகும் இயல்பு உடையவை. ஆகையால் 'அல்லது' என்ற அச்சொல்லை ஒவ்வொரு தலைமுறையும் புதிதாக எழுதிச் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அவர்கள் செய்ததை இவர்களும் செய்ய வேண்டும் என்று நாம் கூறவில்லை. அவ்வாறு கூறினால் நாமும் புரோகிதராவோம்.

நம் வாசகர்களுட் பலர் ஆசிரியர்கள். சிலர் விரைவில் மணஞ் செய்யவிருக்கும் மாணவர்கள். அவர்களிடம் நாம் வேண்டுவது ஒன்றே. பதிவாளரின் வாசகத்தை முன்னரே வாங்கி வாசியுங்கள்; அன்று யாவரும் கேட்கும்படி அது படிக்கப்படட்டும். அதற்கு மேல் ஏதேனும் செய்ய விரும்பினால், அழைப்பிதழ் அச்சிடுவதற்கு முன்னர் உங்கள் வீட்டுச் சமையற்கட்டை ஒருமுறை எட்டிப் பாருங்கள். அங்கே தாமாகவே போய் நிற்பவர் யாராவது இருப்பார். அவரிடம் போய், என்ன செய்ய விரும்புகிறீர்கள் என்று கேளுங்கள். ஒன்றும் வேண்டாம் என்று அவர் சொன்னால், அதனையும் ஏற்றுக்கொண்டு, முன்வரிசையில் அவருக்கு ஒரு கதிரை போடுங்கள்.